வால்நட் ஓட்டுத் தூளும் அன்ரன் அண்ணையும்

சென்ட் லோரன்ட்டில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரம் அன்ரன் அண்ணையின் மனைவி ரீட்டா அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, அவர் மோசம் போயிட்டார்." வேலைக்குப் போகும் வழியில் மாரடைப்பு வந்து இறந்துவிட்டாராம். துப்பாக்கி சுடும் கழகத்து நண்பர்களுக்கு என்னையே அறிவிக்கச் சொன்னார். அவரை அறிந்த உங்களுக்கு இதையும் சொல்லியாக வேண்டும்.

கடதாசி இலக்குகளைச் சுடும் நம் கழகத்துக்கு அன்ரன் அண்ணையைக் கூட்டி வந்தவன் நான். சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளைத் துப்புரவாக்கி மீண்டும் மருந்தும் குண்டும் நிரப்பப் பழக்கியவனும் நான். கோதுகளைத் துலக்கும் அதிரும் தொட்டியில் அவற்றோடு எதைப் போடுவது என்று கேட்டார். சோளத்தக்கைத் துருவல் மினுக்கும், ஆனால் கரி போகாது; வால்நட் ஓட்டுத் தூள் கெதியாகக் கரியை எடுக்கும் என்றேன். வால்நட்டை எடுத்தார். அந்தக் கரியில் ஈயம் இருக்கிறது, தூசாகப் பறக்கும் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நான் என் கராஜில் செய்தேன். அவருக்கு இருந்தது லாசாலில் இரண்டு அறை வீடு மட்டும்.

அடுத்த மாரியில் அவருடைய ஒன்றரை வயது மகள் ஆன் சாப்பாட்டை ஒதுக்கினாள். பழகிய சொற்களையும் மறந்தாள். இரத்தத்தில் ஈயம் என்றார்கள். அண்ணை தண்ணீர்க் குழாயைச் சந்தேகித்தார். யன்னல் பூச்சைச் சுரண்டினார். விளையாட்டுப் பொருட்களை எறிந்தார். ஒவ்வொரு நாளும் என்னிடம் வந்து அழுதார். மூன்று நாள் நான் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் அவர் வீட்டுக்குப் போய், அந்தத் தூள்தான் காரணம் என்றேன். பிள்ளை விளையாடும் கம்பளத்தின் மேல்தான் அதைச் சலித்திருக்கிறார்.

அடிப்பார் என்று நினைத்தேன். கம்பளத்தை வெளியே எறிய அதன் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். படியில் இறங்கும்போது கேட்டார்: "உமக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"பிள்ளைக்கு மருந்து ஏத்துகினம். பேந்து கதைப்பம்."

பிறகு அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. அடுத்த கழகக் கூட்டத்தில் அவர் எழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். "என்ர பிள்ளைக்கு நஞ்சு குடுத்தது நான்தான். வீட்டுக்குள்ள தூள் போடாதேங்கோ. சவர்க்காரத் தண்ணியிலை கழுவுங்கோ." என் பெயரைச் சொல்லவில்லை. நானும் எழும்பவில்லை.

ஆன் இப்போது பாடசாலை போகிறாள். பேச்சு இன்னும் திக்குகிறது.

அடக்கம் முடிந்து ரீட்டா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவர் அண்டைக்கே எனக்கு எல்லாம் சொன்னவர். உங்களோடை கோவிக்க வேண்டாமெண்டும் சொன்னவர்."

அன்று அவர் தன் தலையில் போட்டுக்கொண்ட பழியில் என் பங்கு என்னிடம் இருக்கிறது. அதை நான் ஏற்கிறேன் என்று போய்ச் சொல்ல அவர் இல்லை.