சவுரியம்மாளின் ஏழே கால் பஸ்

"பாய், கொஞ்சம் முன்னால வந்து நில்லுங்க. கைய நல்லா ஆட்டுங்க" என்று நிழற்குடையின் பின்னாலிருந்து சவுரியம்மாள் உத்தரவு போடுகிறாள். டீக்கடை நிஜாமுதீன் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு, தலைபோகிற வேலைக்குக் கிளம்பியவர் போலக் கையை ஆட்டுகிறார். திண்டிவனம் போகும் ஏழே கால் டவுன் பஸ் அவரைப் பார்த்து நிற்கிறது. நின்றதுதான் தாமதம், சுவர் மறைவிலிருந்து ஆறு பெண்கள் ஓடிவந்து ஏறிக்கொள்கிறார்கள். பாய் டீ ஆற்றத் திரும்பிவிடுகிறார்.

பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்று ஆனதிலிருந்து, பெண்கள் மட்டும் நிற்கிற இடம் இந்த ஓட்டுநரின் கண்ணில் படுவதில்லை. ஓர் ஆண் நின்றால் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். இதைக் கண்டுபிடித்தவள் சவுரியம்மாள். வயது ஐம்பத்திரண்டு. திண்டிவனத்தில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கிறாள். எட்டைத் தாண்டினால் அரைநாள் கூலி போயிற்று. அடுத்த பஸ் ஒன்பதரைக்குத்தான்.

'ஓசி' என்ற சொல் மட்டும் அவளுக்கு ஆகாது. "எல்லாம் எங்க வரிப்பணம்" என்று ஒருநாள் பின் சீட்டில் ஒருவர் முணுமுணுத்தார். இவள் முழு உடம்பையும் திருப்பினாள். "சோப்பு என்னா வெலைக்கு வாங்கறீங்க சார்?" அவர் சொன்னார். "நானும் அதே வெலைதான். எங் கூலியப் பாத்து கடைக்காரன் வரிய கொறைச்சிக்கினானா? அது உங்க சம்பளத்துக்குத் தூசி. எனக்கு ஒரு முட்ட வாங்கற காசு." அவர் திண்டிவனம் வரை ஜன்னலுக்கு வெளியே வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பாயும் தப்பவில்லை. பன்னிரண்டு வருஷம் குவைத்தில் லாரி ஓட்டியவர். "அங்க சம்பளத்துல ஒரு பைசா வரி புடிக்க மாட்டான் சவுரியம்மா. ரோடு கண்ணாடியாட்டம் இருக்கும். எல்லாம் எண்ணெய்க் காசு" என்று பெருமையடிக்கப் போக, அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். "அந்த எண்ணெய வாங்கறது யாரு பாய்? நாமதான. அப்ப அந்த ரோட்டுல கொஞ்சம் நான் போட்டது. இங்கயும் பெட்ரோலுக்கு வரி குடுத்துக்கினு இருக்கோம், நம்ம ரோட்டப் பாருங்க." பாய் அன்று டீக்குக் காசு வாங்கவில்லை.

போன திங்கட்கிழமை பாய் மகளின் பிரசவத்துக்குக் கோட்டக்குப்பம் போய்விட்டார். கடை பூட்டிக் கிடந்தது. இன்னொரு நாள் தாமதமானால் வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்று மெஸ்காரர் சனிக்கிழமைதான் சொல்லியிருந்தார். வளைவில் பஸ் தெரிந்தது. வேகம் குறையவில்லை.

"யக்கா, எங்க வூட்டுக்காரரு சட்ட ஒண்ணு எம் பையில இருக்குது. அத்த மாட்டிக்கினு நில்லேன்" என்றாள் கூட வேலைக்கு வரும் இளவரசி.

"எதுக்குடி? நம்மளப் பாத்தே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு சவுரியம்மாள் நடுரோட்டுக்குப் போய் நின்றாள்.

ஒரு கை தூரத்தில் பஸ் நின்றது. "சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சிதா" என்று கத்தினார் ஓட்டுநர். சவுரியம்மாள் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு, "ஏறுங்கடி, மெதுவா" என்றாள். ஐந்து பேரும் ஏறி முடித்தார்கள். அப்புறமும் அவள் கையை எடுக்கவில்லை. சூடான தகரத்தைத் தடவியபடியே படி வரைக்கும் நடந்து வந்து ஏறினாள்.