றோட்டிலே கோயில் மதில்

அன்று வெள்ளனவே றோட்டில் நின்றது, கோயில் மதிலுக்கு வண்ணம் அடிக்கிற எங்கள் ஊர் மனிதர், தலைமை வாத்தியார், தேத்தண்ணிக் கடைக்காரர், நாலு தாய்மார், நான். உரும்பிராயில் எங்கள் பள்ளிக்கூட வாசல். அதற்கு முந்தின மாதம் அதிலேதான் லொறி தட்டி என்ரை மகளுக்குக் கால் முறிந்தது.

வண்ணக்காரர் ஒல்லி. கழுவினாலும் காவி போகாத கை. ஒரு கோடு போட்டதும் தள்ளிப்போய், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். அவர் கோடு இழுக்க, கோயில் மதில் போலவே காவியும் வெள்ளையும் மாறி மாறி நாங்கள் றோட்டில் பூசினோம்.

"கோயில் நிறத்தை மிதிக்கலாமோ?" என்றார் கடைக்காரர்.

"பிள்ளையள் மிதிச்சால் சாமி கோவியாது. லொறிக்காரர்தான் யோசிப்பினம்" என்றார் வண்ணக்காரர்.

பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரம், காங்கேசன்துறையிலிருந்து சீமெந்து லொறி ஒன்று வந்தது. கோடுகளைக் கண்டதும் நின்றது. றைவர் இறங்கிச் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டான்.

"அண்ணை, உது எந்தக் கோயில்?"

"பள்ளிக்கூடம். கும்பிட்டது சரி. பிள்ளையள் போகட்டும், நில்லும்" என்றார் வண்ணக்காரர்.

றைவர் சிரித்துக்கொண்டு நின்றான்.

அந்த யோசனை வண்ணக்காரருக்கு எப்படி வந்ததோ தெரியாது. எங்கடை ஊர்க்காரர் என்று சொல்ல இன்றைக்கும் எனக்குப் பெருமை. அன்று அந்த லொறிக்கு முன்னால் கடந்த பிள்ளைகள் முப்பத்தேழு.