அவரு செத்து நாலு வருஷம் ஆச்சுங்க

மலைப்பாதையில் மண் சரிந்து மூன்று நாள் பஸ் நின்றதே, அந்த மழை விட்ட வாரம் நடந்தது இது. எனக்கு எழுத வராது. நான் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் காலமெல்லாம் வேலை பார்த்தவன் நான். கடைசியில் கொடுத்த பணத்தை பேங்கில் போட்டு வைத்தேன். வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் இல்லை என்று ஒரு ஃபாரம் கொடுக்க வேண்டுமாம். அது தெரியாமல் விட்டதில் வட்டியில் வரி பிடித்துவிட்டார்கள். டவுனில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பெண்தான் அதைத் திருப்பிக் கேட்டு எழுதிப் போட்டது. வந்தால் வீட்டுக்காரிக்குக் காது மிஷின் வாங்கலாம் என்று இருந்தேன். அவளிடம் ஒரு சேதி சொல்வதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கேட்டுவிடுவார்கள்.

டவுனுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கடையில் எட்டிப் பார்ப்பேன்.

"வந்துருச்சா கண்ணு?"

"இன்னும் ஆபீஸ்ல பாத்துட்டு இருக்காங்க தாத்தா. பொறுங்க."

இங்கே வேறொன்றைச் சொல்ல வேண்டும். மலைமேல் இருக்கும் சாமியின் பேரைப் பிள்ளைக்கு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் ஒரே பேரில் பலர் இருப்போம். எஸ்டேட்டில் நாங்கள் இரண்டு பேர். ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் குழம்பிப்போய், என் பேருக்கு முன்னால் 'சின்ன' என்று சேர்த்துவிட்டார். இன்னொருவர் என்னைவிட ஒரு சாண் உயரம். வெறும் பேர் அவருக்கே போனது. "சாமி பேரு மொத்தமும் எனக்கு, மிச்சம் மீதி உனக்கு" என்று சிரிப்பார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். காலையில் பேர் கூப்பிடும்போது நான் வந்து சேரவில்லையென்றால், குரலை மாற்றி எனக்கும் சேர்த்து "இருக்கேனுங்க" என்பார். ரைட்டருக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுதிக்கொள்வார்.

அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் என்னை எல்லாரும் 'சின்ன' சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். வெறும் பேர் என்னுடைய பேங்க் காகிதங்களில் மட்டும் இருக்கிறது.

அன்றைக்கு வாசலில் காபிக் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. யாரோ ஒருவன் அந்த வெறும் பேரைச் சொல்லி, "இருக்காரா?" என்றான்.

யோசிக்கவே இல்லை. "அவரு செத்து நாலு வருஷம் ஆச்சுங்க" என்றேன்.

"அப்படியா? இன்கம்டாக்ஸ் ரீஃபண்ட் விஷயம். ஃபோனுக்கு ஒரு நம்பர் வரும், அதை அவர் சொல்லணும். ஆள் இல்லேன்னா விடுங்க" என்று வைத்துவிட்டான்.

அப்புறம்தான் உறைத்தது. அவன் கேட்டது என்னை. நான் செத்துவிட்டதாக ஆபீசுக்கு நானே சொல்லிவிட்டேன். செத்தவனுக்கு எப்படிப் பணம் தருவார்கள்? போட்டது போட்டபடி கிடக்க, பஸ் ஏறினேன்.

"கண்ணு, தப்பு பண்ணிட்டேன். நான் உசுரோட இருக்கேன்னு கம்ப்யூட்டர்ல போட்டு உடு."

அந்தப் பெண் முழுக்கதையையும் கேட்டது. "ஏனுங்க தாத்தா, செத்தவரு பஸ்ஸுல டிக்கெட் வாங்குனீங்களா?" என்று சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது.

"அந்த நம்பரை ஆபீஸ்ல யாரும் ஃபோன் பண்ணிக் கேக்க மாட்டாங்க. அவன் திருடன். நீங்க சொல்லியிருந்தா பேங்குல இருக்கறது அத்தனையும் போயிருக்கும்."

நம்பர் வந்திருந்தால் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு எண்ணாக, மரியாதையாகச் சொல்லியிருப்பேன். காலம் பூராவும் பாடுபட்டது ஒரு பேச்சில் போயிருக்கும்.

அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டியது. எல்லாம் சரிபார்த்து, பணம் பேங்குக்கு அனுப்பியாகிவிட்டது என்று அதில் இருந்ததாம். இரண்டு நாளில் வந்தது. மிஷினை மாட்டியதும் வீட்டுக்காரி முதலில் கேட்டது, "ஏனுங்க, எதுக்கு இப்படிக் கத்தறீங்க?"

அண்ணன் உயிரோடு இருந்தபோது எனக்காக "இருக்கேனுங்க" என்று குரல் கொடுத்தார். போன பிறகும் ஒரு தடவை எனக்காக இல்லாமல் இருந்திருக்கிறார். எல்லாருக்கும் அப்படி ஒருவர் இருக்க மாட்டார். அதனால் உங்கள் வீட்டில் படிக்கத் தெரியாத பெரியவர் யாராவது இருந்தால், ஃபோனில் வரும் நம்பரை எவனுக்கும் சொல்ல வேண்டாம் என்று இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.