கைலாயத்துக்குப் போன தேங்காய்கள்

என் அத்தான் இராஜேந்திரனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. ஆகவே அவரைப் பற்றி அல்ல, அவரோடு இத்தனை காலம் குடும்பம் நடத்திய என் அக்கா கலாவதியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அக்காவைப் பற்றி எதை எழுதினாலும் நடுவில் இந்த மனுசன் வந்து குந்திக்கொள்கிறார். நான் என்ன செய்ய?

அக்கா பிறந்தது யாழ்ப்பாணத்து அளவெட்டியில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அத்தானைக் கட்டுவதற்காகச் சுவிசுக்கு வந்தார். கொஞ்சக் காலம் அகதி முகாம், பிறகு இன்றுவரை ஓல்டன். நாட்டின் நாலு திசை ரயிலும் வந்து சந்திக்கிற ஊர். குளிர்காலம் வந்தால் மூடுபனி இறங்கி, எதிர்வீட்டுப் பல்கனிகூடத் தெரியாது. அந்தப் பனிக்குள் விடிய எழும்பிப்போய் ரயில் பெட்டிகளைத் துப்பரவு செய்வதுதான் அக்காவின் வேலை. மலை பார்க்கப் போய்வந்த சனம் இருக்கைகளுக்கு இடையில் செருகிவிட்டுப் போன வாழைப்பழத்தோலை எடுப்பார், கண்ணாடி துடைப்பார், கக்கூஸ் கழுவுவார். அவர் மட்டும் ஒரு மலைக்கும் போனதில்லை. எப்போதாவது, "இஞ்சேருங்கோ, ஒருக்கா மேலை போட்டு வருவமோ?" என்று கேட்டால், அத்தானுக்கு அன்றைக்குப் பார்த்துக் கோயிலில் வேலை இருக்கும்.

கோயில் என்றால், முன்பு அச்சுக்கூடமாக இருந்த ஒரு மண்டபம். அதற்குள்ளே சாமியும் இருக்கிறார், சண்டையும் இருக்கிறது. அத்தான் பத்து வருசம் நிர்வாகசபைத் தலைவராக இருந்து, ஒரு பொதுக்கூட்டத்தில் பத்மநாதன் அண்ணையிடம் தோற்றுப்போனார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் முகம் பார்த்துக் கதையில்லை. பூசை முடிந்ததும் ஐயர் முதல் காளாஞ்சியை, அதுதான் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை வைத்துக் கொடுக்கிற மரியாதையை, யாருடைய கையில் கொடுக்கிறார் என்று மற்றவர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். தேர்த் திருவிழாவில் முதல் சிதறுதேங்காயை யார் அடிப்பது என்று இருவரும் ஆளையாள் தள்ளி, ஐயரின் காலில் தேங்காய் விழுந்து அவர் ஒரு கிழமை நொண்டினார். சீ, வெட்கம்கெட்ட வேலை!

இப்படியிருக்க, அக்காவுக்குக் கண்ணில் வருத்தம் வந்தது. கண்ணின் அழுத்தம் கூடி, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற வருத்தம். பக்கவாட்டில் வருகிற ஆளைத் தெரியாமல் முட்டுகிறார் என்று நான்தான் பிடித்திழுத்து ஆராவ் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் மறைக்காமல் சொன்னார். போன பார்வை திரும்பாது. நடுவில் மிஞ்சியிருப்பதும் சுருங்கிக்கொண்டு வருகிறது, மருந்து விட்டால் கொஞ்சம் மெல்லப் போகும், ஒரு வருசம் தாங்கினால் பெரிது. திரும்பி வருகிற ரயிலில் அக்கா அழவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"வேணு, எனக்குக் கைலாயத்தைப் பாக்கவேணும். கண் இருக்கேக்கை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா வாய்திறந்து தனக்கென்று ஒன்று கேட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். அகதி முகாமில் இருந்த முதல் குளிர்காலத்திலிருந்து கைலாயத்தின் ஒரு பழைய கலண்டர்ப் படம் அவரிடம் இருக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் சாமியறைச் சுவரில் முதலில் ஒட்டுவது அதைத்தான்.

நான் விசாரித்தேன். நேபாளத்தின் வடமேற்கு மூலையில், திபெத் எல்லையோரமாக உயரத்தில் ஒரு மேடு இருக்கிறது. அங்கே நின்றால் கைலாயம் நேரே தெரியும். ஹெலிகொப்டரில் கொண்டுபோய் இறக்கி, கொஞ்ச நேரம் நிற்கவிட்டுத் திரும்பக் கொண்டுவருவார்கள். டொக்டரும், கொஞ்ச நேரம் என்றால் பாதகமில்லை என்றார். ஆனால் ஹெலிகொப்டர்! சண்டைக் காலத்தில் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் நானும் அக்காவும் உலையில் இருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுப் பதுங்குகுழிக்குள் பாய்ந்தவர்கள். அக்காவுக்கு இன்றைக்கும் அந்தச் சத்தத்துக்கு உள்ளங்கை வேர்க்கும்.

"அதிலை ஏறுவியோ?" என்று கேட்டேன்.

"ஏறுவன். பயந்து பயந்தெண்டாலும் ஏறுவன்" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் போய்வந்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். அத்தானுக்குக் காதில் விழுந்ததுதான் கேடு. "கைலாய யாத்திரை! நான் தலைமை தாங்கிக் கூட்டிக்கொண்டு போறன்" என்று கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தார். பெண்சாதியின் கண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. இவரைத் தனியே கைலாயம் பார்க்கவிட்டால் தன் தலைமைப் பதவி என்ன ஆவது என்று பத்மநாதன் அண்ணையும் பெயர் கொடுத்தார். லீவு எடுக்க முடிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. ஆக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு ஆம்பிளைகளும், நானும், அக்காவும்.

எங்கள் சனத்தைப் பற்றித் தெரியும்தானே. ஒருவர் ஊருக்குப் போகிறார் என்று தெரிந்தால் போதும், பார்சலோடு வாசலில் நிற்பார்கள். இந்த முறை கொண்டுவந்தது தேங்காய். "எங்கட பேரிலையும் அங்கை ஒண்டு உடைச்சு விடுங்கோ." ஓல்டனிலிருந்தும் வந்தது, தள்ளியிருக்கிற எம்மன்புரூக்கே ஊரிலிருந்தும் வந்தது. ஒவ்வொன்றிலும் பெயரும் நட்சத்திரமும் எழுதிய துண்டு. தலைவரிடம் பாதிச் சனம், பழைய தலைவரிடம் மீதிச் சனம். தமிழ்க் கடையில் வாங்கிய தேங்காயைச் சூட்கேசில் அடுக்கி இமயமலைக்குக் காவிய முட்டாள்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

நேபாளத்தில் சின்ன விமானம் ஒன்று எங்களை மலையடிவாரத்து ஊரொன்றில் இறக்கியது. மறுநாள் காலை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஹெலிகொப்டர் சுழற்றிக்கொண்டு வந்து இறங்கியபோது அக்கா என் கையை நகம் பதியப் பிடித்தார். பிறகு விட்டுவிட்டு, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தானாகவே நடந்தார்.

ஓட்டுநர் ஒரு நேபாளி மனுசன். கோபம் வராத முகம். எங்கள் நாலு பேரையும் தராசில் ஏற்றி நிறுத்தார், தேங்காய்ப் பைகளையும் நிறுத்தார், ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். மேலே காற்று மெல்லிசு, இயந்திரம் பாரம் இழுக்காது. இரண்டு தடவையாகத்தான் போகலாம். இந்த அம்மாவும் புருசனும் முதலில் போகட்டும், மற்ற இருவரும் பிறகு. பகல் ஏறினால் மேகம் வந்துவிடும், ஆகவே பைகளை இங்கேயே வைத்துவிட்டுச் சுருக்காக ஏறுங்கள்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, பத்மநாதன் அண்ணை நடுவில் பாய்ந்தார்.

"அதெப்பிடி இவர் முதல் போறது? கோயில் தலைவர் நானோ இவரோ?"

"யாத்திரைக்குத் தலைமை நான்!" என்றார் அத்தான்.

"முதல் தேங்காய் நான் உடைக்கவேணும். சபைத் தீர்மானம்!"

"உம்மட தீர்மானத்தைக் கொண்டுபோய் ஆத்திலை போடும்!"

வருசக்கணக்காகப் பேசாமல் இருந்தவர்கள் பேசினால் இப்படித்தான் இருக்கும். ஓட்டுநர் கடிகாரத்தைக் காட்டினார். நான் கத்தினேன், "அத்தான், அக்கா ஏறட்டும், உங்கட சண்டையைப் பிறகு பிடியுங்கோ!" யார் கேட்டார்கள்? கடைசியில் அந்த இருவருக்கும் ஒரு சமாதானம் பிறந்தது. ஒருவர் முந்தாமல் இருக்க இரண்டு பேருமே ஒன்றாகப் போவது, பைகளோடு.

ஓட்டுநர் தலையாட்டினார். இரண்டு ஆம்பிளைகளும் இரண்டு பைகளும் என்றால் பாரம் சரி, வேறொருவருக்கும் இடமில்லை. "இந்த அம்மாதானே நோயாளி? பைகளையும் மற்றப் பெரியவரையும் விட்டால் இவர் புருசனோடு இப்போதே வரலாம்" என்றார். அதையும் அத்தானுக்குச் சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை, அவருக்கு எல்லாம் விளங்கியது.

அத்தான் அக்காவைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார்.

"கலா, சனத்தின்ரை நேர்த்தியடி இது. விட்டிட்டுப் போகேலாது. நீ அடுத்த ட்ரிப்பிலை வா."

"மேகம் வந்திடுமாம்" என்றார் அக்கா. மெல்லத்தான் சொன்னார்.

"வராது வராது. சிவன் இருக்கிறார்."

ஏறி உட்கார்ந்தார். பையைத் தூக்கி மடியில் வைத்தார். எட்டிக் கதவை இழுத்துச் சாத்தினார். காற்று எங்கள் முகத்தில் புழுதியை அள்ளி அடித்தது.

மேலே நடந்ததை, பத்மநாதன் அண்ணை கைபேசியைக் கல்லில் சாத்திவைத்து எடுத்த வீடியோவில் பிறகு பார்த்தேன். பின்னால் கைலாயம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. முன்னால் இந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு தேங்காயைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, "நீர் பொறும்", "நீர் பொறும்" என்று மூச்சுவாங்க ஆளையாள் ஏசுகிறார்கள். பிறகு துண்டிலிருந்து பெயரும் நட்சத்திரமும் வாசித்து வாசித்து ஒவ்வொன்றாக அடிக்கிறார்கள். ஓட்டுநர் ஓரத்தில் நின்று, நேரமாகிறது என்று கையைக் கையைக் காட்டுகிறார். ஒருவராவது மலைப்பக்கம் திரும்பினாரா என்று தேடிப் பார்த்தேன். திரும்பவில்லை.

கீழே நாங்கள் காத்திருந்தோம். அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்து வடக்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஒரு துண்டு மேகம். பிறகு அது விரிந்தது. ஹெலிகொப்டர் திரும்பி வந்து இறங்கியபோது ஓட்டுநர் இறங்கியதும் வானத்தைத்தான் பார்த்தார். பிறகு அக்காவின் முன்னால் வந்து நின்று கைகூப்பினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மறுநாளும் மேகம், அதற்கு அடுத்த நாளும் மேகம். பிறகு திரும்புகிற விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

ஓல்டனுக்கு வந்ததும் அத்தானுக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி எடுத்திருக்கவேண்டும். "இஞ்சையும் ஹெலிகொப்டர் ஓடுது, கலா. அல்ப்ஸ் மலையைச் சுத்திக் காட்டுவினம். வெள்ளை மலைதானே, எல்லாம் ஒண்டுதான்" என்றார்.

அக்கா சோறு போட்டுக்கொண்டிருந்தவர், அகப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஓமோ? அப்ப புருசனும் ஆரெண்டாலும் ஒண்டுதானோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் என்னை முறைத்தார். நான் இன்னும் பலமாகச் சிரித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் யாத்திரை போய்வந்தவர்களுக்கு வரவேற்பு. மண்டபம் நிறையச் சனம். அன்றைக்கு இரண்டு தலைவர்களுக்கும் சண்டையில்லை, கைலாயத்தில் ஒன்றாகத் தேங்காய் அடித்த சிநேகிதம். அத்தான் மாலையோடு மைக்கைப் பிடித்தார். "நானும் என்ரை மனைவி கலாவதியும் அந்தச் சிவனைக் கண்ணாரக் கண்டம்" என்று குரல் தழதழக்கச் சொன்னார். சனம் "அரோகரா" என்றது.

என் பக்கத்தில் இருந்த அக்கா எழும்பினார். வழி சரியாகத் தெரியாமல் ஒரு கதிரையில் இடித்து, சமாளித்து, முன்னுக்குப் போனார். ஐயர் முதல் காளாஞ்சியை அத்தானின் கையில் கொடுக்கப் போக, அத்தான் பெருந்தன்மையாக, "மனைவியிட்டைக் குடுங்கோ" என்றார். அக்கா தட்டை வாங்கினார். மைக்கையும் வாங்கினார்.

"நான் ஒண்டையும் காணேல்லை. எனக்கு அடுத்த வருசம் கண் தெரியாது எண்டு டொக்டர் சொன்னவர். இவருக்குத் தெரியும். ஹெலிகொப்டரிலை ஒராளுக்கு இடம் இருந்தது. என்னை விட்டிட்டு உங்கட தேங்காயளை ஏத்திக்கொண்டு போனவர்."

எம்மன்புரூக்கேயில் இருந்து வந்த ஒரு மனுசி, பெயர் எழுதித் தேங்காய் தந்தவர், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா தட்டிலிருந்த தேங்காயை மட்டும் எடுத்து அத்தானின் கையில் வைத்தார்.

"இந்தாங்கோ. இதை வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ."

அன்றைக்கே என் வீட்டுக்கு வந்துவிட்டார். கோயில் மானம் போனது என்று அத்தான் இரண்டு நாளாக ஊரெல்லாம் போன் எடுத்துக் கத்தினார். பிறகு சமைத்துப்போட ஆளில்லாமல் அடங்கினார்.

இப்போது அக்காவுக்கு நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மிச்சம், அதுவும் புகை. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் வருவார். நான் கதவைத் திறந்து, வாங்கோ என்று சொல்லாமல் உள்ளே போய்விடுவேன். அவர் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பத்மநாதன் அண்ணையிடம் வாங்கிய அந்த வீடியோவைப் பெரிதாக்கி அவர் முகத்துக்குக் கிட்டப் பிடிப்பார்.

"பார் கலா, இதுதான் கைலாயம். இப்ப தெரியுதோ? வெள்ளையா, நடுவிலை."

போன ஞாயிறும் பிடித்தார். அக்கா கையால் மெல்ல அந்தப் போனை விலத்திவிட்டார்.

"வேண்டாமப்பா. எனக்குக் கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒண்டுதான் தெரியிது. ஹெலிகொப்டர்க் கதவு. அதைச் சாத்திற உங்கட கை."