பத்து விரலுக்கும் வேலை

பக்கத்து மாவட்டத்தில் ஒரு பெண்ணை, விசைப்பலகையைக் குனிந்து பார்த்தாள் என்ற ஒரே குற்றத்துக்காக, தட்டச்சுப் பரீட்சை அறையிலிருந்தே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். காப்பகக் காவலாளியின் மைத்துனி சந்தையில் கேட்டது. அவளுக்குச் சொன்னது யாரென்று அவளுக்கே நினைவில்லை. ஆகவே செய்தி முற்றிலும் நம்பத்தகுந்தது. கைகளைத் துணி போட்டு மூடித்தான் பரீட்சையே வைத்தார்கள் என்று காவலாளி தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்.

கசாக் நாட்டு மாவட்டம் ஒன்றின் ஆவணக் காப்பகத்தில் எழுத்தரான குல்ஸிராவின் பால் தேநீர் அன்று கோப்பையிலேயே ஆறிப்போனது. வயது நாற்பத்தெட்டு. பத்தொன்பது வருஷமாக அந்த மாவட்டத்தின் பிறப்பையும் நிலத்தையும் ஓய்வூதியத்தையும் இரண்டே ஆள்காட்டி விரல்களால் கொத்திக் கொத்திக் கணினியில் ஏற்றியவள். மற்ற எட்டு விரல்களும் அவளோடு அலுவலகம் வந்து அவளோடு வீடு திரும்பின. அரசாங்க வேலையில் இது ஒன்றும் புதிதல்ல.

பத்தாம் நாள் சுற்றறிக்கையே வந்துவிட்டது. கீழே பார்க்காமல், பத்து விரலாலும், நிமிஷத்துக்கு நூற்றிருபது எழுத்து. தேறாத பணியாளருக்குப் புத்தாண்டோடு வேலை இல்லை. காப்பகத் தலைவி ரவ்ஷான் அதைக் கணீரென்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். பணியாளர் என்றால் தன்னைத் தவிர மற்றவர்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

குல்ஸிராவின் கணவர் சபர்பெக்கின் வாடகைச் சிற்றுந்து பழுதாகி வசந்தத்திலிருந்து கொட்டகையில் படுத்திருந்தது. வீட்டில் மாதம் தவறாமல் வருவது அவள் சம்பளம் ஒன்றுதான். எனவே தினமும் அலுவலகம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், கணினியில் இலவசத் தட்டச்சுப் பயிற்சி நிரல் ஒன்றின் முன் உட்கார்ந்தாள். இரண்டு விரலால் நிமிஷத்துக்குத் தொண்ணூறு தட்டியவள், பத்து விரலால் முப்பத்தொன்று தட்டினாள். முன்னேற்றம் என்பது இதுதான் என்று நிரல் வாழ்த்தியது. சுண்டுவிரல் வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே வீங்கிக்கொண்டு மருத்துவ விடுப்புக்கு ஆயத்தமானது. போதாக்குறைக்கு, ரஷ்ய எழுத்துகள் வசதியான இடங்களை எல்லாம் பிடித்துக்கொள்ள, கசாக்குக்கே உரிய எழுத்துகள் விருந்துக்குத் தாமதமாக வந்தவர்களைப் போல எண்களைத் துரத்திவிட்டு உச்சி வரிசையில் ஒண்டியிருந்தன. சொந்த மொழியில் எழுதத்தான் விரல் அதிகம் எக்க வேண்டியிருந்தது.

ஆறாவது வாரம் எழுபதில் வந்து நின்றவள் அங்கேயே நின்றாள். அலுவலகப் பெண்கள் கூடிப் பேசி ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி, நடக்கத் தொடங்கும் குழந்தையின் இரண்டு காலையும் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றால் கட்டி, சுறுசுறுப்பான ஒருத்தியை விட்டு அதை வெட்டச் சொல்வார்கள். வெட்டியவளைப் போலக் குழந்தை ஓடும். குல்ஸிராவின் ஆள்காட்டி விரல்களுக்கும் அதையே செய்துவிடலாம் என்றார்கள். வெட்டுவதற்கு இளம் எழுத்தர் இங்கார் என்று ஒருமனதாக முடிவானது. இருபத்தாறு வயது, தட்ட ஆரம்பித்தால் நிமிஷத்துக்கு முந்நூறு.

கயிற்றைக் கட்டியாயிற்று, வாரி இறைக்க மிட்டாயும் தயார். அந்த நேரம் பார்த்துத் தலைவி உள்ளே வந்தார்.

“சின்னப் பொண்ணு கையில கத்தரிக்கோலா? பெரியவங்க நான் எதுக்கு இருக்கேன்?”

ஒற்றை விரலால், எழுத்துக்கு ஒரு முறை கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துத் தட்டுகிறவர் ரவ்ஷான். ஆனால் மரியாதை மரியாதைதானே.

“நீங்கதான் வெட்டணும் அப்கே,” என்று அக்கா முறை வைத்து இங்கார் முகம் மாறாமல் கத்தரிக்கோலை நீட்டினாள். “உங்க வேகம் யாருக்கு வரும்?”

தலைவி அதைப் பாராட்டாகவே வாங்கிக்கொண்டு வெட்டினார். கயிறு மூன்றாம் முயற்சியில் அறுந்தது. மிட்டாய் பறந்தது.

மறுநாள் குல்ஸிராவின் வேகம் அறுபத்து நான்கு. வீட்டில் சொல்லிப் புலம்பியபோது சபர்பெக், வெட்டியது யார் என்று மட்டும் விசாரித்தார்.

“அப்ப கவலைய விடு, பைபிஷே,” என்று வீட்டு எஜமானிக்குரிய பெயரால் கூப்பிட்டார். “இன்னும் பத்து வருஷத்துல நீயும் தலைவியாயிடுவ.”

அவள் மறுநாள் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினாள். அதற்கடுத்த மூன்று வாரமும் அப்படித்தான்.

பரீட்சை வெள்ளிக்கிழமை. துணி இல்லை, பரீட்சை வைக்க வந்த அதிகாரிகள் ஆப்பிள் அட்டைப்பெட்டிகளில் கை நுழைய ஓட்டை போட்டு விசைப்பலகைகளின் மேல் கவிழ்த்திருந்தார்கள். பெயர்ப் பட்டியலில் முதல் பெயர் ரவ்ஷான். ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று அவர் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, பெட்டிக்குள் விரலை விட்டார். மாலையில் கதவில் முடிவை ஒட்டினார்கள். குல்ஸிரா நூற்று இருபத்து மூன்று. தலைவி பதினொன்று. தேறாதவர்களுக்குத் திங்களன்று கடைசி வாய்ப்பு.

குல்ஸிரா அந்த எண்ணைக் கண்ணாரப் பார்த்து முடிப்பதற்குள் தலைவி அவளை மாடிப்படி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“திங்கக்கிழமை வேற ஆளுங்க வராங்க, என் முகம் அவங்களுக்குத் தெரியாது. என் பேர்ல நீ உக்காந்துடு.”

“மாட்டிக்கிட்டா ரெண்டு பேருக்குமே வேலை போயிடும், அப்கே.”

“புத்தாண்டுக்கான உன் மறுநியமனத் தாளு என் மேசையிலதான் கிடக்கு, குல்ஸிரா. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.” தோளைத் தட்டிக் கொடுத்தார். “உன் விரலுக்கு இந்த ஓட்டம் எங்கிருந்து வந்துச்சுன்னு நான் சொல்லணுமா?”

ஞாயிறு மதியம் குல்ஸிரா பௌர்சக் உருண்டைகள் பொரிப்பதற்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இரண்டு பேர் சாப்பிடும் வீட்டில் பன்னிரண்டு பேருக்கான மாவு. ஜன்னல் விளிம்பில் கைபேசி அடித்தது. சபர்பெக் எட்டிப் பார்த்து, தலைவி என்றார்.

“கையெல்லாம் மாவு,” என்றாள்.

“நான் எடுத்துக் காதுல வைக்கவா?”

“வேணாம்.”

அடித்து ஓய்ந்தது. அவள் ஈரத்துணியை எடுத்து மாவை மூடினாள். கழுவும் தொட்டியில் ஒவ்வொரு விரலாக, இடுக்கு இடுக்காகத் தேய்த்துக் கழுவினாள். சுண்டுவிரலில் வீக்கம் இன்னும் வற்றவில்லை. துடைத்து முடித்தபோது கைகள் இரண்டும் சுத்தமாக, எந்த வேலையும் இல்லாமல் இருந்தன.

கைபேசி மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. சாக்குச் சொல்ல இனி மாவும் இல்லை, திங்களுக்கு ஒரே ஓர் இரவுதான் பாக்கி. சபர்பெக் வாசற்படியில் நின்று அவளையே பார்த்தார். அது அடித்துக்கொண்டே இருந்தது.