சுவருக்கு அந்தப் பக்கத்து கோல்

கால்பந்து பார்க்கிறவனை எங்கள் தெருவில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். சித்தூரில் கிரிக்கெட் என்று வந்துவிட்டால் கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் ஒரே சபை. நானும் பக்கத்து வீட்டுக்காரனும் மட்டும் தனிச் சபை. அந்த இரண்டு பேருக்குள்ளும் இரண்டு பிரிவு. என் டீம் இங்கிலாந்தின் பெரிய டீம்களில் ஒன்று, கோப்பைகளை வைக்க அலமாரி போதாது. அவன் பிடித்துக்கொண்டதோ கடலோரத்தில் ஏதோ ஒரு சின்ன ஊர் டீமை. கீழ்ப்பிரிவுக்கு இறக்கிவிடுவார்களோ என்று வருஷா வருஷம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஆடுகிற கூட்டம். ஏன்டா இந்த டீம் என்று கேட்டால், நாங்கள் படித்த மிஷன் பள்ளிக்கூடத்துச் சட்டை நிறம் என்பான். அதற்கு மேல் அவனிடம் காரணம் கிடையாது.

எங்கள் இரண்டு வீடும் ஒரே மேஸ்திரி ஒரே சமயத்தில் கட்டியவை. நடுவில் பொதுவாக ஒரே சுவர். அவன் வீட்டில் டிஷ் ஆன்டெனா. என் வீட்டில் போனில் ஆப். ஆட்டம் ஒன்றுதான் என்றாலும் அவனுக்கு முதலில் வந்துவிடும், எனக்கு முக்கால் நிமிஷம் கழித்துத்தான் வரும். அவன் டீம் கோல் போட்டதும் உள்ளங்கையால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவான். பிறகு தொண்டை கிழிய, "அட்ச்சான்டா!" என் போனில் அப்போது பந்து நடு மைதானத்தில் யார் காலிலோ சும்மா கிடக்கும். "டேய், சும்மா இர்றா, இங்க இன்னும் வர்ல!" என்று நான் கத்துவேன். அவன் சிரிப்பது சுவர் வழியாகக் கேட்கும். என் டீம் கோல் போட்டால் மட்டும் சுவர் ஊமையாகிவிடும். அற்பப் பயல்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஒருவன் பார்க்க முடியாத நாளில் மற்றவன் அவனுக்காக அவன் டீமின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். யாருமே பார்க்காவிட்டால் டீம் தோற்றுவிடும். ஐயாயிரம் மைல் தள்ளி ஸ்டேடியம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து பார்க்கிறார்களே என்று என் மனைவி கேட்பாள். அவர்கள் பார்ப்பது வேறு, நாங்கள் பார்ப்பது வேறு. எனக்கு வேலை திருப்பதியில், ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதித்துக் கண்ணாடி எழுதித் தருகிற வேலை. திரும்புகிற பஸ்ஸில் சிக்னல் நிற்காது, வழியில் பூதலப்பட்டு தாண்டுவதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டால் எனக்காக அவன் பார்ப்பான். எனக்குப் பிடிக்காத ஆட்டக்காரன் கோல் போட்டால்கூட மறைக்காமல் சொல்வான்.

மாம்பழ சீசனில் அவன் செத்துப்போனான். பழக்கூழ் ஃபாக்டரியில் சூப்பர்வைசர் வேலை. லாரியிலிருந்து பழம் இறக்கிக்கொண்டிருந்தபோது நின்ற இடத்திலேயே சரிந்துவிட்டானாம். மார்வலி. அவன் மனைவி அப்போது திருப்பதியில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். அதற்குச் சில வாரங்களுக்கு முன், சீசனின் கடைசி ஆட்டத்தன்று, அவள் தங்கை குழந்தையின் ஞானஸ்நான விருந்துக்கு இவன் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். "அந்த டிவியவே கட்டிக்கினு குடும்பம் நடத்து" என்று அவள் சொல்லிவிட்டுப் போனது எனக்கே சுவர் வழியாகக் கேட்டது. அவன் பதில் சொல்லவில்லை. பிறகு இரண்டு பேரும் போனில்கூடப் பேசிக்கொள்ளவில்லை. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் அழுதார்கள், அவள் அழவில்லை. டிவியை எடுத்துக்கொண்டு, டிஷ்ஷைக் கழற்றச் சொல்லிவிட்டு, சாவியை எங்களிடம் கொடுத்துத் திருப்பதிக்கே போய்விட்டாள்.

ஆகஸ்டில் புது சீசன் தொடங்கியது. முதல் சனிக்கிழமை அவன் டீமுக்கு ஆட்டம். பார்ப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. சட்டம் சட்டம்தானே என்று போனை எடுத்து, சுவரை ஒட்டிய என் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தேன். விளக்கு வைக்கிற நேரம். என் மனைவி அடுக்களையில் வடகம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

சுவரில் இரண்டு தட்டு. "அட்ச்சான்டா!"

"டேய், சும்மா இர்றா, இங்க இன்னும் வர்ல!" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. போனில் எதிராளி டீம் ஓரக்கோட்டிலிருந்து பந்தை எறிந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன். பந்து இங்கே போனது, அங்கே போனது, கடைசியில் அவன் டீமின் இடது பக்கத்து ஆள் காலுக்கு வந்து, வலைக்குள் விழுந்தது. அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வரவில்லை. என் மனைவி கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்து, "யார்கிட்ட கத்தினீங்க?" என்றாள்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவன் வீட்டுப் பூட்டைத் திறந்தேன். ஹாலில் ஒன்றுமில்லை. டிவி இருந்த இடத்தில் இரண்டு ஆணி. தரையில் தூசி, அதில் எங்கள் காலடியைத் தவிர வேறு காலடி கிடையாது. பொதுச் சுவரில், உட்கார்ந்தால் கை எட்டுகிற உயரத்தில், எண்ணெய்க்கறையாக ஒரு உள்ளங்கை. முறுக்கு தின்ற கையோடு அத்தனை வருஷம் தட்டித் தட்டிப் படிந்தது. "இது பழசு" என்றாள் என் மனைவி. பழசுதான். அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று சத்தியம் செய்தாள். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு என்ன கேட்கும்?

பேய், பிசாசு என்கிற பேச்சையே எங்கள் வீடுகளில் எடுக்க முடியாது. தாத்தா காலத்திலிருந்தே அதையெல்லாம் கேலி செய்து வளர்ந்த சபை எங்களுடையது. செத்தவர்கள் நியாயத்தீர்ப்பு நாளில் எக்காளம் ஒலிக்கும்வரை தூங்குகிறார்கள், நடுவில் யாரும் எழுந்து கோல் பார்ப்பதில்லை. பாஸ்டரிடம் போய் என்னவென்று சொல்வது? திருப்பதியில் ஒரு காது டாக்டரிடம் மட்டும் காட்டினேன். காது நன்றாக இருக்கிறது, வயசுக்கு மேல் நன்றாக இருக்கிறது என்றார்.

சத்தம் நிற்கவில்லை. அவன் டீம் கோல் போடுகிற நாளில் மட்டும் வந்தது, அந்த டீம் போடுகிற கோல்களோ மிகக் கொஞ்சம். ஒரு தடவை தட்டும் சத்தமும் வந்து, கோலும் விழுந்து, பிறகு நடுவர் வீடியோவைப் பார்த்து அதை ரத்து செய்தார். செத்தும் ஏமாறுகிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்த பிறகுதான் பயம் வந்தது. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை என் டீமும் அவன் டீமும் மோதின. என் டீம் நான்கு கோல் போட்டது. சுவர் ஊமை. அவனேதான், வேறு யாருமில்லை என்று அன்றைக்கு உறுதியாயிற்று.

அந்த வருஷம் என் டீம் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷம் காத்திருந்த சீசன். ஆனால் என் காது சுவரிலேயே இருந்தது. கோல் விழாத நாட்களில் அவன் இருக்கிறானா, போய்விட்டானா என்று தெரியாமல் தூக்கம் பிடிக்காது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவன் மனைவி ஆள் அனுப்பி வீட்டுக்கு வெள்ளையடித்தாள். தை பிறந்ததும் சாவி வாங்கிப் பார்க்க வந்தாள். நான் கூடப் போனேன். வெள்ளைக்கு மேல் அந்தக் கை மறுபடி எழுந்திருந்தது. எண்ணெய்க்கறை அப்படித்தான் எழும், அது எனக்கும் தெரியும். அவள் அதன்மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். சின்னக் கை, பாதிக்குத்தான் வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

அவள் கேட்டது ஏப்ரலில், ஆஸ்பத்திரியில். கண்ணில் நீர் வடிகிறது என்று சோதனைக்கு வந்திருந்தாள். விளக்கை அணைத்து, முகத்தில் சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மாட்டி, எழுத்துப் பலகையைக் காட்டி, இது தெளிவா அது தெளிவா என்று நான் வில்லைகளை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, அவரு அங்கயே கீறாரு, இல்ல?" என்றாள்.

நான் வில்லையைப் பெட்டியில் திருப்பி வைத்தேன்.

"எனுக்கு பயமெல்லாம் இல்ல. நான் அன்னிக்கி அந்த வார்த்தய சொல்லிட்டு வந்தேன். அவரு திருப்பி ஒரு வார்த்த சொல்லாமயே பூட்டாரு. திட்டினாக்கூட பரவால்ல. ஒரே ஒரு வார்த்த கேக்கணும். அடுத்த மாசம் வூட்ட வித்துட்றேன், வரதய்யபாளையத்துக்காரங்க அட்வான்ஸ் கொட்த்துட்டாங்க. அதுக்குள்ள கேக்கணும்."

இருட்டில் அவள் முகம் தெரியவில்லை, இரண்டு வட்டக் கண்ணாடி மட்டும் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். தட்டுவது, கத்துவது, முக்கால் நிமிஷம், எல்லாம். கேட்டு முடித்து, "கட்சி ஆட்டம் எப்போ?" என்றாள், கடைசி ஆட்டத்தைத்தான்.

இங்கிலாந்தில் கடைசி நாள் ஆட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள், யாரும் மற்றவர் முடிவைப் பார்த்துவிட்டு ஆடக் கூடாது என்று. அந்த ஞாயிற்றுக்கிழமை என் டீம் ஜெயித்தால் சாம்பியன். அவன் டீம் ஜெயித்தால் தங்கும், டிரா செய்தால்கூட இறங்கிவிடும். போன் ஒன்று, ஆட்டம் இரண்டு. வருஷக்கணக்காக வேண்டிக்கொண்டது ஒரு பக்கம். அவள் மூன்று மணி பஸ்ஸில் சந்திரகிரி வெயிலைத் தின்றுகொண்டு வந்திறங்கிய முகம் ஒரு பக்கம். நான் அவன் டீமைப் போட்டேன். மனசு கிடந்து அடித்துக்கொண்டது, ஏன் மறைக்க வேண்டும்?

அவள் நாற்காலி வேண்டாம் என்று தரையில், சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தாள். என் மனைவி அவளுக்கு மோர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடைவேளை வரை கோல் இல்லை. வெளியே கோடை மழைக்குக் காற்று எழுந்தது. தெருவில் கிரிக்கெட் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று கரெண்ட் போயிற்று. எல்லா டிவியும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. தெருவே செத்த மாதிரி ஆயிற்று. என் போன் மட்டும் சிம் டேட்டாவில், திக்கித் திக்கி ஓடியது. அந்த வெளிச்சத்தில் மூன்று பேர் முகம்.

எண்பது நிமிஷம் தாண்டியது. சுவரில் ஒன்றுமில்லை. நான் போனை அதிகம் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் சும்மா இருந்தால் அடுத்த முக்கால் நிமிஷத்துக்குக் கோல் கிடையாது, அவ்வளவுதானே. அவள் காதைச் சுவரில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"கேக்கலியே, அண்ணா."

"இன்னும் நேரம் கீதுமா."

"எம்மேல கோவமாத்தான் கீறாரு. நான் வந்திருக்கறது தெரிஞ்சிதான் வர்ல."

சொல்லித் தொலைத்திருக்க வேண்டாமே என்று என்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. தொண்ணூறு நிமிஷம் முடிந்து, நடுவர் கூட்டிக் கொடுத்த நேரம் ஓடத் தொடங்கியது. எதிராளி டீமுக்கு மூலை உதை. அவன் டீமின் ஆட்கள் எல்லாரும் தங்கள் வலைக்கு முன்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அந்தக் கையை உதறினாள். திரும்பினாள். உள்ளங்கையால் சுவரில் இரண்டு தட்டு.

"அட்ச்சான்டா!"

அவள் தொண்டையில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. கால்பந்தில் எந்தப் பக்கம் யார் ஆடுகிறார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள், இந்தத் தடவை அவளுக்கும் கேட்டது. என் வாயிலிருந்து, நான் நினைக்காமலேயே, வந்தது: "டேய், சும்மா இர்றா, இங்க இன்னும் வர்ல!"

அவள் சிரித்தாள். சுவர் வழியாகக் கேட்கிற மாதிரி, எங்கிருந்தோ வருகிற மாதிரி ஒரு சிரிப்பு. பிறகு தன் உள்ளங்கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

போனில் அப்போதுதான் மூலை உதையை அடித்தார்கள். அவன் டீமின் கோல்கீப்பர் பாய்ந்து பந்தைப் பிடித்தான், கீழே விழுந்தான், எழுந்தான், தூக்கி எறிந்தான். அவன் டீம் ஆள் ஒருவன் அதை வாங்கிக்கொண்டு ஆளில்லாத மைதானத்தில் ஓடினான். படம் நின்றது. சுற்றியது. மறுபடி வந்தபோது பந்து வலைக்குள் கிடந்தது, சட்டையைக் கழற்றிக்கொண்டு கோல் போட்டவன் கடல் பக்கத்து ரசிகர்களை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

என் டீம் என்ன ஆயிற்று என்று எனக்குப் பார்க்கத் தோன்றவில்லை. மறுநாள் பஸ்ஸில் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்தது, இரண்டாம் இடம்.

"நான் இன்னா சொன்னேன்?" என்று கேட்டாள். சொன்னேன்.

அவள் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு, புதைத்த அன்றைக்கு அழாத அழுகையை எல்லாம் அழுதாள். கரெண்ட் வந்து, தெருவில் கிரிக்கெட் மறுபடி கத்தத் தொடங்கும்வரை அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கோவமில்ல அண்ணா அவருக்கு," என்றாள். "கோவம் இருந்தா உங்குளுக்கு முன்னாடி எனுக்கு சொல்லியிருப்பாரா?"