முப்பது நாளுக்குள் திரும்பியவள்

ஒரீசியா நேரம் தவறாதவள். பேருந்து பத்து மணிக்கு என்றால் ஒன்பதரைக்கே நிறுத்தத்தில் நிற்பாள். போலந்தின் எல்லையோர ப்ஷெமிஷ்ல் நகரத்தில், மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்க்கும் சலவைக் கூடத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். ஒரு நாள்கூடப் பிந்தி வந்ததில்லை. அப்பேர்ப்பட்டவள்தான் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டாள். அதுவும், சொன்ன நாளுக்கு முன்பே வந்து சேர்ந்தும்.

பிறந்தது உக்ரைனில், சம்பீரில். கல்யாணமாகிப் போனது கார்கிவுக்கு. கல்யாணம் முறிந்த பிறகும் அங்கேயே ஒரு பாலர் பள்ளியில் சமையல் செய்துகொண்டு மகள் ஸ்லாத்தாவை வளர்த்தாள். போர் தொடங்கி, எதிர்க் கட்டிடத்தின் மூன்று மாடிகள் சரிந்த அன்று, குழந்தையையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு ரயிலேறினாள். சம்பீரில் அம்மா பராஸ்காவின் வீட்டில் மூன்று நாள் தங்கல். அங்கிருந்து எல்லை. "ஒரு மாசத்துல வந்துடறேன்மா" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். அந்த ஒரு மாதம்தான் நான்கு வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

போலந்தில் அவளுக்குக் கிடைத்தது தற்காலிகப் பாதுகாப்பு. ஒவ்வொரு வருடமும் முடியப்போகிறது என்பார்கள், பிறகு நீட்டிப்பார்கள். அடுத்த மார்ச்சோடு நிஜமாகவே முடிகிறது என்ற பேச்சு வந்தபோது, மூன்று வருட வசிப்பு அட்டை என்று ஒன்று வந்தது. அதைப் பெற, பாதுகாப்பு ஒரு வருடமாவது இடைவெளியே இல்லாமல் இருந்திருக்க வேண்டும். நாட்டுக்கு வெளியே முப்பது நாளைத் தாண்டினால் பாதுகாப்பு தானாக அறுந்துவிடும். பிறகு முதலிலிருந்து எண்ண வேண்டும். ஸ்லாத்தாவுக்குப் பதினைந்து வயது. தாதியர் படிப்பில் சேர இடம் கிடைத்திருந்தது. தாயின் அட்டை வந்தால்தான் மகளுடையதும் வரும். புதுக் கடவுச்சீட்டு வந்துவிட்டது, விண்ணப்பம் தயாராக இருந்தது. அந்த வாரம் திங்கட்கிழமை பராஸ்கா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள்.

மறுநாளே, மகளைத் தாங்கள் தங்கியிருந்த விடுதியில் பக்கத்து அறைப் பெண்ணின் பொறுப்பில் விட்டுவிட்டு, ஒரீசியா எல்லையைக் கடந்து ஊர் போய்ச் சேர்ந்தாள். அடக்கம் நடந்தது, ஒன்பதாம் நாள் நடந்தது. அம்மாவின் துணிமணிகளை எடுத்துப் பங்கு வைப்பதும், வீட்டுப் பத்திரங்களுக்காக அலைவதுமாக நாள்கள் ஓடின. நாற்பதாம் நாள் மட்டும் மிச்சம். அதுவரை இறந்தவர் வீட்டை விட்டு முழுதாகப் போவதில்லை. அன்றைக்குப் பூசை வைத்து, தேன் கலந்த கோதுமை பரிமாறி, ஊரோடு உட்கார்ந்து சாப்பிட்டு வழியனுப்ப வேண்டும். பெற்ற மகள் அந்த மேசையில் இல்லாமலிருப்பது சம்பீரில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆனால் நாற்பதுக்கும் முப்பதுக்கும் நடுவே பத்து நாள் இருக்கிறதே, அதை யார் போய் யாரிடம் சொல்வது?

அண்ணன் மிரோனிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, நாப்பதைப் பின்னாடி தள்ளக்கூடாது, ஆனா முன்னாடி வெச்சுக்கலாம்னு சொல்வாங்கல்ல? இந்த ஞாயித்துக்கிழமையே வெச்சுட்டா நானும் இருப்பேன்."

மிரோனுக்கு நாற்பத்தெட்டு வயது, மரம் அறுக்கும் பட்டறையில் வேலை. பேசினால் ரம்பம் போட்ட மாதிரிதான் இருக்கும்.

"ஏன்டி, அம்மா என்ன உன் பஸ் டிக்கெட்டைப் பார்த்துட்டா செத்தா? நாப்பதுன்னா நாப்பது."

"எனக்கு வேற வழியில்ல. ஸ்லாத்தா படிப்பு..."

"போ. போய் உன் காகிதத்தைக் கட்டிக்கிட்டு அழு. அம்மாவுக்கு நான் இருக்கேன்."

இருபத்தொன்பதாம் நாள் காலை, முகம் கொடுத்துப் பேசாத அண்ணனிடம் சொல்லிக்கொண்டு வேன் ஏறினாள். வீட்டிலிருந்து பெரிய நெடுஞ்சாலைக்கு வருவதற்குள் ஓட்டுநரின் கைபேசி மூன்று முறை அடித்தது. போலந்து எல்லையில் பதினெட்டு மணி நேர வரிசையாம். நம் ஆட்களுக்கு வரிசையைக் கண்டால் சந்துபொந்தெல்லாம் தெரியும்.

"ஸ்லோவாக்கியா பக்கம் ஒரு ஈ காக்கா இல்லையாம்," என்றார் ஓட்டுநர். "கொஞ்சம் சுத்து, ஆனா நிக்காம போயிடலாம். என்ன சொல்றீங்க?"

வேனிலிருந்த எட்டுப் பேரும் கை தட்டாத குறை. ஒரீசியாவும் நிம்மதியாக மூச்சு விட்டாள். ஸ்லோவாக்கியக் காவலர் அவள் கைபேசியில் இருந்த போலந்துப் பாதுகாப்பு ஆவணத்தைப் பார்த்தார், தலையசைத்தார், கடவுச்சீட்டில் எதையும் குத்தாமல் திருப்பிக் கொடுத்தார். உள்ளே வந்துவிட்டால் போலந்து வரை எங்கேயும் சோதனை கிடையாது. நடுவே பெட்ரோல் நிலையத்தில் எல்லோரும் காபி வாங்கினார்கள். ஒரீசியா வாங்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த முட்டையை உரித்துச் சாப்பிட்டாள். வங்கி அட்டையைத் தேய்த்து ஒரு காபி குடித்திருந்தாலாவது பின்னால் கையில் காட்ட ஒரு ரசீது இருந்திருக்கும்.

வந்த ஐந்தாம் நாள், சனிக்கிழமை, கைபேசியில் அந்த ஆவணம் காணாமல் போயிற்று.

"நீ எதையாவது அழுத்தி அழிச்சிருப்பம்மா," என்றாள் ஸ்லாத்தா. "போன மாசம் என் போட்டோவெல்லாம் அழிச்ச மாதிரி." அவளே எடுத்து நோண்டினாள். பத்து நிமிடம் கழித்து அவள் முகமும் மாறியது. "அம்மா, உன் பாதுகாப்பை நிறுத்திட்டாங்க."

திங்கட்கிழமை நகராட்சி அலுவலகக் கதவு திறக்கும்போது ஒரீசியா வாசலில் முதல் ஆளாக நின்றாள். போழெனா என்ற அந்த அலுவலர் நல்ல மாதிரி. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் திரையைப் பார்த்தாள்.

"நீங்க வெளிய போனது பதிவாகியிருக்கும்மா. திரும்பி வந்தது பதிவாகலையே."

"நான் உங்க முன்னாடிதானே உக்காந்திருக்கேன் மேடம்!"

"எனக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரியலையே. நம்ம எல்லை வழியா வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். முத்திரை இருக்கா?"

"போடல. கையில உங்க ஆவணம் இருந்துச்சு, அதனால குத்தலை."

"பஸ் டிக்கெட்?"

"வேன். காசைக் கையில வாங்கிக்கிட்டார்."

போழெனா பெருமூச்சு விட்டாள். மகளைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் இருக்கும் தாயின் தலையெழுத்தைப் பார்த்து அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. சலவைக் கூடத்தின் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, ஒரு மனு எழுத வைத்தாள்.

"இதை எல்லைக் காவலுக்கு அனுப்பறேன். அவங்க ஸ்லோவாக்கியாவைக் கேட்டு உறுதி பண்ணினதும் பழையபடி, இடைவெளி இல்லாம ஆக்கிடலாம். ரெண்டு மூணு வாரம் ஆகும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. அதுவரைக்கும் எல்லைப் பக்கமே போகாதீங்க. இப்போ இன்னொரு தடவை வெளிய போனீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அட்டையை மறந்துட வேண்டியதுதான்."

"வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு நாப்பது, மேடம். ஒரே நாள். போயிட்டு வந்துடறேன்."

"ஒரு மணி நேரம்கூட வேண்டாம்மா."

அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரீசியா அழுதாள். அம்மாவை விட்டு ஓடி வந்தது இந்தக் காகிதத்துக்காக. அந்தக் காகிதமும் கையில் இல்லை. இப்போது கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத ஒன்றுக்காக இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வேனில் இருபது நிமிடம் போனால் எல்லை வந்துவிடும் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அங்கிருந்து வருகிற வேன்கள் சத்தமாக அவளைக் கடந்து போயின.

வெள்ளிக்கிழமை காலை கோவிலில் அம்மா பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். விடுதிச் சமையலறையில் கோதுமையை வேகவைத்துத் தேன் ஊற்றினாள். ஸ்லாத்தா பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, கூடவே சாப்பிட்டாள். மதியம் மிரோன் அழைத்தான். ஒரீசியா திட்டு வாங்கத் தயாராகத்தான் எடுத்தாள்.

"முடிஞ்சுது," என்றான். "நாப்பது பேர் வந்திருந்தாங்க. முட்டைக்கோஸ் சுருள் பத்தலை. உன்னைக் கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"அவளுக்கு அங்க ஜோலி இருக்குன்னேன். வேற என்ன சொல்றது?"

"அண்ணே, அன்னைக்கே ஞாயித்துக்கிழமை வெச்சிருந்தா..."

"வெச்சிருந்தா நானும் முன்னாடியே போயிருக்கணும்."

"எங்க?"

பின்னால் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"அம்மாவை அடக்கம் பண்ணின வாரமே பட்டாளத்துல சேரச் சொல்லிக் கடுதாசி வந்துடுச்சு. மருத்துவப் பரிசோதனையும் ஆச்சு. அந்த ஆபீசரும் அம்மாவைப் பறிகொடுத்தவர்தான். 'நாப்பது முடியட்டும், வந்து ஏறிக்கிறேன்'னு கேட்டேன், சரின்னுட்டார். திங்கக்கிழமை காலையில ஏத்திட்டுப் போறாங்க."

ஒரீசியா கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஏண்ணே என்கிட்ட சொல்லலை?"

"நாப்பதுக்கு நீ எப்படியும் இருப்பேன்னு நினைச்சேன். சாப்பாடு முடிஞ்சு, ஆளுங்க போனப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ கிளம்பறேன்னுட்டே. எனக்குக் கோபம் வந்துடுச்சு."

"நான் இன்னைக்கே வரேன்."

"எதுக்கு? காகிதம் போயிடும்னு ஸ்லாத்தா எனக்கு எல்லாத்தையும் சொல்லிட்டா."

"போகட்டும். எனக்கு நீ முக்கியமா, காகிதம் முக்கியமா?"

"காகிதம்," என்றான் மிரோன். "இவ்வளவு தூரம் வந்துட்டு இப்போ விட்டுடாதே. நான் அங்க போய் நிக்கும்போது நீங்க ரெண்டு பேரும் எங்கயோ ஒரு இடத்துல நிலையா இருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும்."

"நான் வரேண்ணே. வேன் மூணு மணிக்கு இருக்கு."

"வந்தா கதவைத் திறக்க மாட்டேன், ஒரீசியா. சொல்லிட்டேன்," என்றான் அவன்.